நானூற்றுப் பதினேழு

நர்சிங் கல்லூரிப் பலகையில் உரிமத் தேர்வு முடிவுகளை இப்போதுதான் ஒட்டியிருக்கிறார்கள். தாளின் மேல் பூசிய பசை இன்னும் காயவில்லை. என் எண் இதில் இல்லாவிட்டால் மூன்றாண்டு மாலை வகுப்பும் வீண். ஹோ நகரத்து மலைச்சரிவின் கடைசி வெயில் தாளில் மஞ்சளாக விழுகிறது. எங்கள் ஊர் வழக்கப்படி, பாஸானவர்களின் தலையெல்லாம் வாழ்த்துப் பவுடர் கொட்டி வெள்ளையாகிவிட்டது. முற்றம் முழுக்கக் கூச்சல். நான் ஸ்கேலை வைத்து வரிவரியாக இறங்குகிறேன். 417 இருக்கிறது. ஹால்டிக்கெட்டோடு ஒப்பிடுகிறேன். மறுபடி மேலிருந்து தொடங்குகிறேன். "அடியே எசினாம், எத்தனை தடவைடி நாடி பிடிச்சுப் பார்ப்ப? உசுரு இருக்குடி!" என்று பவுடர் டப்பாவோடு கத்துகிறாள் என் வகுப்புத் தோழி செலாசி. "இருடி, இன்னொரு தடவை..." சொல்லி முடிப்பதற்குள் தலை, இமை, ஸ்கேல் எல்லாம் வெள்ளை. ஈரப் பசையில் பவுடர் அப்பித் தாளும் வெள்ளை. இனிச் சரிபார்க்க வழியில்லை. ஸ்கேலைக் கீழே போட்டுவிட்டு நானும் கத்துகிறேன்.