இன்னும் ஒரு வருஷம்

“பிள்ளைக்கு விசா எக்ஸ்டென்ஷன் மட்டும் கெடச்சிரட்டும் மகேஸு, மாகிம் கோயிலுக்கு நடந்தே வாரேன்னு மாதாகிட்ட நேந்திருக்கேன்” என்றாள் சவரியம்மாள், வாசலில் நின்றபடியே.

“செம்பூர்ல இருந்து மாகிமுக்கா? இந்த முழங்கால வச்சுக்கிட்டா?” என்றாள் எதிர் வீட்டு மகேஸ்வரி.

“முழங்கால மாதா பாத்துக்கிடுவா. இந்த மாசத்தோட விசா முடியுது. நீட்டித் தரலைன்னா படிப்பு பாதியில நின்னுரும். எனக்குத் தூக்கமே இல்லட்டி.”

மகேஸ்வரி வாஷியிலிருந்து இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. பார்த்தே புரிந்துகொண்டுவிடுவாள். எதிர் வீட்டில் சவரியம்மாள், அவள் கணவர் இன்னாசிமுத்து, எந்நேரமும் லேப்டாப்பும் கையுமாக இருக்கும் ஜாய். பெண்ணுக்கு வெளிநாட்டில் படிப்பு. லீவுக்கு வந்திருக்கிறாள், திரும்பிப் போக விசாவை நீட்டிக்க வேண்டும். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

புரியாதது ஒன்றுதான். பெற்ற பெண்ணைக் கடல் தாண்டி அனுப்ப ஒரு தாய்க்கு இத்தனை அவசரமா?

மகேஸ்வரியின் மகன் சுயம்பு அயர்லாந்தில் படிக்கிறான். போன மாதம்தான் அவனுக்கு எக்ஸ்டென்ஷன் கிடைத்தது. போனிலேயே குதித்தான். இவளும் நன்றாகச் சிரித்துப் பேசிவிட்டு, பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கிடைக்காமல் போனால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவானே என்று ஒரு நப்பாசை. வெளியில் சொன்னால் காறித் துப்புவார்கள். அதனால் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

“ஏன்க்கா, பிள்ள அவ்வளவு தூரத்துல இருந்தா கஷ்டமா இருக்காதா?” என்று மெல்லத் தூண்டில் போட்டாள்.

“இல்லாமலா? பெத்த வயிறுல்லா, பத்திக்கிட்டுத்தான் கிடக்கும். நெனச்சா பாவமாத்தான் இருக்கு. அதுக்காவ படிப்ப விட்டுட்டு வான்னு சொல்ல முடியுமா?”

யார் வீட்டுக் கதையோ போலச் சொல்கிறாளே! மகேஸ்வரிக்குச் சுருக்கென்றது.

அப்போது ஜாய் வெளியே வந்தாள். “ஆன்ட்டி, பசியாறியாச்சா?” என்று சிரித்தாள். பம்பாய்ப் பிள்ளைகள் பேசுகிற தமிழ் எப்படியெப்படியோ இருக்கும். இது காதுக்கு இதமாக இருந்தது. இந்தத் தங்கத்தையா அனுப்பத் துடிக்கிறாள் இந்த அம்மாள்!

லிஃப்ட் திறந்தது. இன்னாசிமுத்து வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

“கரண்ட் பில்லு எங்க அப்பா பேர்ல இருக்குல்லா, அட்ரஸ் ப்ரூஃபுக்கு அது செல்லாதாம். சொசைட்டி செக்ரட்டரிய கையக் கால பிடிச்சு லெட்டர் வாங்கிட்டேன். ஜாயி, சட்டுனு இத அப்லோடு பண்ணும்மா.”

“தேங்க்ஸ் அங்கிள்னு சொல்லி முடிக்கதுக்குள்ள சர்வர் டவுன் ஆயிரும், ஓடு ஓடு” என்று சவரியம்மாள் அவளை உள்ளே விரட்டினாள். மகேஸ்வரி தன் வீட்டுக் கதவைக் கொஞ்சம் சத்தமாகவே சாத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம். எதிர் வீட்டில் ஒரே கூச்சல். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று மகேஸ்வரி பதறியடித்து ஓடினாள். நடு ஹாலில் சவரியம்மாள் ஜாயைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தாள். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

“வந்துட்டு மகேஸு! இன்னும் ஒரு வருஷம் குடுத்துட்டான்! வாயத் திற!”

வாயில் ஒரு துண்டு மைசூர்பாகு விழுந்தது. இன்னாசிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மகேஸ்வரி அதை அவசரமாக விழுங்கினாள். அடக்கி வைத்திருந்தது பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“தப்பா நெனைக்காதீங்கக்கா. பெத்த பிள்ள இன்னும் ஒரு வருஷம் கண்காணாத தேசத்துல கெடக்கப் போவுது. சாப்பிட்டாளா, தூங்கினாளான்னு தெரியாது. மேலுக்கு முடியலைன்னா நெத்தியத் தொட்டுப் பாக்க ஆளிருக்குமான்னு தெரியாது. ஒரு சொட்டுக் கண்ணீர் வரலியா உங்களுக்கு?”

சவரியம்மாள் திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஜாயின் கையிலிருந்த போன் அடித்தது. வீடியோ கால். பேரைப் பார்த்ததும் ஜாயின் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துவிட்டது. போனை அப்படியே சவரியம்மாளிடம் நீட்டினாள்.

“நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி. படிப்பு முடிஞ்சு நான் மலேசியா திரும்ப இன்னும் ஒரு வருஷம் ஆகும்னு நான் சொன்னா அம்மா அழுதுருவாங்க.”

மகேஸ்வரி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“கவலப்படாதம்மா” என்று சவரியம்மாள் போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். “வாடகைக்கு வந்த பிள்ளைன்னா நெனச்ச? போன மாசம் காய்ச்சல்ல கெடந்தப்ப நாந்தான் பக்கத்துல படுத்துக்கிட்டேன். இந்தச் செம்பூர்ல அவளுக்கு ஒரு குறையும் வராது. நான் இருக்கேன்.”

மலேசியாவில் ஈப்போ நகரில் இருந்த ஜாயின் அம்மா ரொம்பச் சந்தோஷம் என்று சிரித்தாள். அடுத்த நொடி அவள் முகம் மறைந்து, திரையில் அவள் வீட்டு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அது ஏன் என்று அந்த ஹாலில் மகேஸ்வரி ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் எழுந்து பால்கனிக்குப் போய் அயர்லாந்துக்குப் போன் போட்டாள். “ஏலே சுயம்பு, நீ வாடகைக்கு இருக்கியே, அந்த வீட்டு அம்மாகிட்ட போனைக் குடு. எனக்கு இங்கிலீஷ் வராட்டாலும் பரவால்ல, ஒரு தேங்க்ஸ் சொல்லணும்.”