காப்பி போதும்

"யாகப்பண்ணன் அன்னிக்கு டூட்டியில இல்லன்னு நான் எழுதித் தர மாட்டேன் சார். இன்னிக்கும் மாட்டேன், நாளைக்கும் மாட்டேன்."

ஆக்சிலியா மேசைக்கு எதிரே நின்று அடித்துச் சொன்னாள். காரைக்கால்மேட்டுப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் அந்தக் கம்பெனியில் ஒன்பது வருஷமாக அவள்தான் கணினி, கடிதம், ஃபைல் எல்லாம். மேனேஜர் சிவராமனை எதிர்த்துப் பேசுகிற ஒரே ஜீவனும் அவள்தான்.

சிவராமன் சிரித்தார். "நீ எழுதவே வேணாம்மா. அதான் நேத்தே வேலைய முடிச்சிட்டேனே."

போன மாதம் பதினாலாம் தேதி காலையில் ஐஸ் பிளான்ட்டில் அமோனியா கசிந்து யாகப்பனின் இரண்டு கண்களும் போயின. அவன் அன்றைக்கு வேலையிலேயே இல்லை, குடித்துவிட்டு அத்துமீறி உள்ளே நுழைந்தான் என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. ஆனால் ஆறு மணிக்கு அவன் விரல் வைத்து உள்ளே வந்த பதிவு கம்ப்யூட்டரில் இருந்தது. விரல் வைக்கும் மெஷினை மறுநாளே கழற்றிக் கடாசியாயிற்று. நேற்று சாயந்தரம், ஆக்சிலியாவை எதிரே நிற்க வைத்தே, பதினாலாம் தேதி ஃபைலையும் சிவராமன் தன் கையால் அழித்தார். அவளுக்கு ஒரு பாடமாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தார்.

"அவன் பொண்டாட்டி சகாயம்மாள் இருக்காளே, லேபர் ஆபீசுல இல்லாததும் பொல்லாததும் எழுதிக் குடுத்துருக்கா. கம்ப்யூட்டர்ல உள்ளதை ஒரு டிஸ்க்குல போட்டுத் தரணுமாம். தாராளமாத் தர்றேன். உள்ளதைத்தானே கேக்குறாங்க?"

"யாகப்பண்ணன் குடிய விட்டு பதினோரு வருஷமாச்சு சார். மாதா கோயில்ல சத்தியம் பண்ணி விட்ட மனுஷன். கண்ணு போனது பத்தாதுன்னு குடிகாரன்ங்கிற பேரும் வேணுமா அவருக்கு?"

"வாயை மூடு."

"மூட மாட்டேன்."

அவர் பதிலுக்குக் கத்துவதற்குள், டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கபீர் பாய் ஒரு புது டிஸ்க்கோடு உள்ளே வந்தார்.

"சார், காப்பியா, குளோனா?"

"காப்பி இப்பத்தான் பாய் குடிச்சேன்."

"அது இல்ல சார். உள்ள இருக்குற ஹார்ட் டிஸ்க்குலேர்ந்து ஃபைலை மட்டும் காப்பி பண்ணணுமா, இல்ல டிஸ்க்கையே குளோன் பண்ணணுமா?"

சிவராமனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதை ஆக்சிலியா முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆளும் அவர் இல்லை. அவர் யோசிப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"காப்பி போதும் பாய். அரை மணி நேர வேலை. குளோன்னா மத்தியானம் வரைக்கும் இழுக்கும்."

அவ்வளவுதான், சிவராமனுக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருஷத்தில் அவள் சொன்ன ஒன்றையும் அவர் கேட்டதில்லை. பிளான்ட் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றாள், ஆணி அடித்தார். முகமூடிகளை வெளியே மாட்டுங்கள் என்றாள். பீரோவில் வைத்துப் பூட்டினார். இப்போது மட்டும் கேட்டுவிடுவாரா என்ன?

"அது என்ன, காப்பி போதும்? எதை மறைக்கப் பாக்குற?"

"மறைக்க என்ன சார் இருக்கு? நான் ஒரு மணி பஸ்ஸைப் புடிக்கணும்."

"குளோன்தான். இங்க நான் சொல்றதுதான் நடக்கும். பாய், அச்சு அசலா, ஒரு பொட்டு விடாம எடுங்க. முடியிற வரைக்கும் இவ இங்கேயே உக்காந்திருக்கட்டும்."

"வேணாம் சார், சொன்னாக் கேளுங்க. காப்பியே போதும்."

"உக்காருன்னா உக்காரு!"

ஆக்சிலியா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சிவராமனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இரண்டு கவளம் கூடுதலாகவே இறங்கியது.

இரண்டரை மணிக்கு வேலை முடிந்தது. 'ஹார்ட் டிஸ்க் முழுவதும் என் முன்னிலையில் குளோன் எடுக்கப்பட்டது' என்று கபீர் பாய் நீட்டிய தாளில் சிவராமன் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். லேபர் ஆபீசிலிருந்து வந்து காத்திருந்தவர் டிஸ்க்கை உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, வண்டியில் கிளம்பிப் போய்விட்டார்.

ஆக்சிலியா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நாளையிலேர்ந்து நான் வரல சார்."

"போயேன். தோத்தாலும் ரோஷத்துக்கு மட்டும் ஒண்ணும் கொறச்சல் இல்ல!"

அவள் ஒரு வார்த்தையும் திருப்பிப் பேசாமல் வெளியேறினாள். ஒன்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. சிவராமன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். இனி யாரிடம் எதைக் கேட்டாலும் வெட்கமில்லை.

"ஆமா பாய், இந்தக் குளோனுக்கும் காப்பிக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்?"

கபீர் பாய் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "காப்பின்னா கண்ணுக்குத் தெரியிற ஃபைல் மட்டும்தான் சார் வரும். குளோன்னா நீங்க சொன்ன மாதிரி ஒரு பொட்டு விடாம வரும். உள்ளது மட்டுமில்ல, இல்லாததும் வந்துரும். அழிச்சதைச் சொல்றேன். நேத்து முந்தாநாள் அழிச்சதுன்னா, தெரிஞ்சவங்க உக்காந்தா அரை நாள்ல எடுத்துருவாங்க."

சிவராமன் நாற்காலியை விட்டு எழுந்தார். "அப்புறம் ஏன்யா அவ... காப்பி போதும்னு என்கூட மல்லுக்கு நின்னா?"

"அதான் சார் எனக்கும் புரியல. காலையில கடை தொறக்கும்போதே வந்து, 'குளோனுக்குத் தோதான டிஸ்க்கா எடுத்துட்டு வாங்க பாய். ஆனா எது வேணும்னு என் முன்னாடியே சார்கிட்ட கேளுங்க. நான் காப்பி போதும்னு சொல்லுவேன், மத்ததை சாரே பாத்துக்குவாரு'ன்னு சொல்லிட்டுப் போனாங்களே!"