ரெண்டு கிலோ கூடுது

"மாஷிதா குடுத்த பார்சலா? நம்ம பெட்டியிலயா? நடக்கவே நடக்காது மச்சான்!"

மலிகா இடுப்பில் கை வைத்து நின்றாள். நாளைக்குப் பயணம். ஷார்ஜாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் மாமனார், மாமியாரைப் பார்க்க அரைப்பரீட்சை லீவில் போகிறார்கள். அதுவும் ஆறு வருஷம் கழித்து. மகள் அம்ரீன், 'அங்கன குளிருமாம்ல' என்று நேற்றே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கீழக்கரை வெயிலில் வேர்த்து விறுவிறுத்துத் திரிகிறாள்.

"அவுக மகன் ஹபீபு அங்கனதான வேலை பாக்குறான்?" என்றான் அவள் கணவன் ஹாதி. "பெத்த தாய் குடுத்து விடுறத வேணாம்னு சொல்ல முடியுமா? பிரிச்சுக் காட்டித்தான் குடுத்தாக. திங்கிற சாமான்தான்."

யாராவது வெளிநாடு கிளம்பினால் தெருவே பார்சலைத் தூக்கிக்கொண்டு வருவது ஊரில் வழக்கம்தான். நாலு பேருடையதை மலிகாவே சிரித்த முகமாக வாங்கி வைத்திருக்கிறாள். ஆனால் அடுத்த வீட்டு மாஷிதாவோடு அவளுக்கு ரெண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

மாஷிதா பாவம், ஒன்றுமே செய்யவில்லை. செய்ததெல்லாம் மாமியார்தான். ஒரு பெருநாளன்று, தெருப் பெண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, ஸ்பீக்கர் போனில் சொல்லிவிட்டார்: "தொதல்னா அது மாஷிதா கிண்டணும். எங்க மலிகா ஏழு நாள் கிண்டுனாலும் அந்தப் பக்குவம் வராது."

மாமியாரைக் கோபித்துக்கொள்ள முடியுமா? அந்தக் கோபம் சுவரைத் தாண்டி மாஷிதா தலையில் விழுந்தது.

அதற்காகவே இந்தத் தடவை மலிகா ஒற்றை ஆளாகத் தொதல் கிண்டினாள். மாஷிதா எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று அடுப்படி ஜன்னலைச் சாத்திவிட்டு, அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியுமாக நாலு மணி நேரம். தோள்பட்டை கழன்றுவிட்டது. நடுவில் ஒரு போன் வந்ததில், லேசாக அடிப்பிடித்தது.

"உம்மா, என்னமோ கருகுது!"

"கருகல, செவந்திருக்கு. நீ போய் உன் பையை அடுக்கு."

ஹாதி ஒரு துண்டை வாயில் போட்டான்.

"எப்படி இருக்கு மச்சான்?"

"மாஷா அல்லாஹ்" என்றவன், தண்ணீர் குடிக்கப் போய் வெகுநேரம் திரும்பவில்லை.

மறுநாள் மதுரை ஏர்போர்ட். பெட்டியை எடை போட்ட பெண் உதட்டைப் பிதுக்கினாள். "ரெண்டு கிலோ கூடுது சார். எதையாவது எடுத்துருங்க."

கைப்பைகளும் ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருந்தன.

"நான்தான் சொன்னேன்ல! மாஷிதா பார்சலைத் தூக்கி வெளிய வைங்க" என்றாள் மலிகா.

"அது அமானிதம் மலிகா. நம்மள நம்பிக் குடுத்தது. நாளைக்கு அல்லாஹ்கிட்ட யாரு பதில் சொல்றது? எடுக்குறதுன்னா நம்ம சாமானைத்தான் எடுக்கணும்."

அவர்கள் சாமானில் ரெண்டு கிலோவுக்குத் தோதாக இருந்தது தொதல் டப்பா ஒன்றுதான்.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மலிகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமியார் வாயால் ஒரே ஒரு தடவை 'நல்லா இருக்குடி' என்று கேட்கத்தானே இத்தனை பாடு? இருந்தாலும் அமானிதம் என்று சொன்ன பிறகு என்ன பேச? டப்பாவைத் தானே எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

வாசலில் நின்ற கார் டிரைவர் தங்கசாமி அண்ணனிடம் அதைக் கொடுத்துவிட்டு ஹாதி துள்ளிக்கொண்டு வந்தான். முகத்தில் கவலையே இல்லை. அது வேறு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஷார்ஜாவில் ஒரே கொண்டாட்டம். மாமனார் மீரா சாகிபு அன்றைக்குக் கடையையே சாத்திவிட்டார். அம்ரீன் அவர் தோளில் தொங்கினாள். மாமியார் மலிகாவைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். முத்தமிட்டு முடித்ததும் கேட்டார்:

"தொதல் எங்கடி? நீயே கிண்டுனியாமே, ஹாதி சொன்னான்!"

"மாமி, அது ஏர்போர்ட்ல…"

அதற்குள் காலிங்பெல். மாஷிதா மகன் ஹபீபு, பார்சலுக்காக வந்திருந்தான். மலிகா அதை எடுத்து அவன் கையில் திணித்தாள். அவனோ அங்கேயே உட்கார்ந்து கட்டைப் பிரித்து, உள்ளேயிருந்த டப்பாவை மாமியார் முன்னால் வைத்தான்.

"இது உங்க வீட்டுதுதான் பெரியம்மா. மலிகா சாச்சி கிண்டுன தொதல். பெட்டியில தனியா வைக்க இடம் பத்தலன்னு எங்க உம்மா எங்க பார்சலோட சேத்துக் கட்டிக் குடுத்தாகளாம்."

மலிகா திரும்பி ஹாதியைப் பார்த்தாள். ஹாதி மும்முரமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமியார் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். கண் செருகியது. "அடியே மலிகா! மாஷிதாவையே மிஞ்சிட்டடி!"

ஆசைப்பட்ட வார்த்தை வந்தேவிட்டது. பேசாமல் தலையாட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அவளுக்கு மனசு வரவில்லை. போனை எடுத்து, ரெண்டு வருஷமாகத் தொடாத அந்த நம்பரைப் போட்டாள். ஸ்பீக்கரையும் போட்டாள்.

"மாமி, தொதல் கிண்டுனவுக லைன்ல இருக்காக, பேசுங்க." பிறகு குரல் உடைந்து கேட்டாள்: "லாத்தா, நான்தான் உங்க மூஞ்சியவே பாக்குறதில்லையே. எதுக்கு என் பேரச் சொல்லிக் குடுத்து விட்டீங்க?"

கடல் தாண்டி மாஷிதாவின் சிரிப்பு கணீரென்று வந்தது.

"ஆறு வருஷம் கழிச்சு மாமியாளப் பாக்கப் போற, அதைக் கொண்டுபோயா நீட்டுவ? ஜன்னலச் சாத்திட்டா கருகுன வாசம் எங்க வீட்டுக்கு வராதாடி?"