கூப்பிட்டால் வருவார்களா?

வயதான நோயாளிகளிடம் போய், ஆசுபத்திரிக் கவனிப்பு திருப்தியா என்று கேட்டு எழுதுவதுதான் யசோதாவின் வேலை. இரண்டு வார லீவு முடிந்து, அன்றைக்குத்தான் அம்பிட்டியவிலிருந்து பஸ் பிடித்து வந்து அந்த வார்டுக்குள் மறுபடி கால் வைத்தாள்.

ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுத்த கட்டில் ராக்கம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பாடு எப்படி பாட்டி?"

"அமிர்தம் தாயி."

"டாக்டர்மாரு?"

"பெத்த புள்ளைக மாதிரி."

"கூப்பிட்டா நர்ஸ் மிஸ்ஸி வர்றாங்களா?"

"வாய மூடுறதுக்குள்ள வந்து நிப்பாங்க."

ராக்கம்மாவின் தொண்டை கட்டிப் போயிருந்தது. விரிப்பு ஈரம். தட்டுச் சோறு தொடாமலே காய்ந்து கிடந்தது. யசோதாவுக்கு எரிச்சல் வந்தது.

"பயப்படாம உள்ளதச் சொல்லுங்க. பேரு எழுத மாட்டேன்."

"பயமில்ல தாயி. வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

ராக்கம்மா ஜன்னலோரக் கட்டிலைக் காட்டினாள்.

"அதுல கெடந்த மகராசிக்கு. 'எம்மக இதையெல்லாம் கேட்டுக்கிட்டு வருவா, குறை சொல்லிராத. நான் எப்படிக் கெடந்தேன்னு அவளுக்குத் தெரிஞ்சிரும்'னு சொன்னா. ஒனக்கு அப்படியே அவ மூஞ்சி."

யசோதாவின் பேனா நின்றது.

"எங்கம்மா... கடைசியில கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டா."

"யாராச்சும் வந்தாங்களா?"

ராக்கம்மா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வாய மூடுறதுக்குள்ள வந்து நின்னாங்க தாயி."