எஞ்சினுக்குள் ஒரு சொட்டு

பானெட்டின் கொக்கியை விடுவித்துவிட்டான் மெக்கானிக். தூக்கத்தான் கை வரவில்லை.

ஷெட் வாசலில் நான்கு டிரைவர்கள் நின்றார்கள். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆற்றிலிருந்து கிரேன் வைத்து இழுத்து வந்த லாரி அது. வால் பள்ளத்தில் அமிழ்ந்து, மூக்கு பாறைமேல் ஏறிக் கிடந்ததாம். டிரைவர் பக்கத்துக் கதவு திறந்திருந்ததாம்.

ஓட்டிப்போன மாப்பிள்ளை, இவனுடைய தங்கையின் புருஷன், ஆற்றோடு போய் இன்றோடு பன்னிரண்டு நாள்.

அன்றிலிருந்து ஊரில் ஒரே பேச்சு. நடு ஆற்றில் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து வண்டி நின்றுவிட்டதாம், வேறு வழியில்லாமல் இறங்கினானாம். தண்ணீர் புகாமலிருக்க மச்சான்காரன் அடைத்த அடைப்பு அந்த லட்சணமாம். கண்ணால் பார்த்தவன் ஒருவனும் இல்லை. நாக்கில் நரம்பில்லாதவர்களுக்குச் சாட்சி எதற்கு?

தங்கையும் அதையேதான் கேட்டாள். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, இவனை வாசலிலேயே நிறுத்தினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ அடைச்சதுல ஓட்டை இருந்துச்சா, இல்லையா? அதத் தெரிஞ்சுக்கிட்டு வந்து என்கூடப் பேசு."

அண்ணா என்று கூப்பிடவில்லை. அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

அது ஏனோதானோ என்று அடைத்த அடைப்பும் அல்ல. சுரங்கத்துக்குப் போகிற தடம் ஆற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். வெயில் காலத்தில் சேறு, மழைக் காலத்தில் வெள்ளம். மற்ற லாரிகளுக்கு முன்னால் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டி, போய் வா என்று அனுப்பிவிடுவான். இது மாப்பிள்ளையின் வண்டி. எட்டு நாள் அதன் அடியிலேயே கிடந்தான்.

எஞ்சினுக்குக் கீழே பழைய கன்வேயர் பெல்ட்டை அளந்து வெட்டி போல்ட் போட்டான். சக்கரத்துக்கு மேலே சேறு தெறிக்கிற இடத்தில் ரப்பர் திரை. காற்று இழுக்கிற குழாயைக் கேபின் கூரைக்கு மேலே ஏற்றினான், புகைக்குழாயையும் கூடவே. ஒயர் முனை ஒன்றுவிடாமல் கிரீஸ். கியர்பாக்ஸ் மூச்சுவிடுகிற சின்னத் துளையைக்கூட விடவில்லை; ஒரு டியூப்பை மாட்டி மேலே கொண்டுபோய்க் கட்டினான். சூடு வெளியேறப் பின்பக்கம் பார்த்து ஒரு மடிப்பு மட்டும் விட்டான். மற்றபடி எறும்பு நுழைய வழியில்லை.

இது லாரியா கப்பலா மச்சான் என்று மாப்பிள்ளை அன்றைக்குக் கேலி செய்தான். மறுநாளிலிருந்து அதையே பார்க்கிறவனிடமெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தான்.

முதலாளி தொண்டையைச் செருமினார்.

தூக்கினான்.

முதலில் ஏர் ஃபில்டர். மூடியைக் கழற்றி, உள்ளே இருந்ததை வெளியே எடுத்து, மடிப்பு மடிப்பாக விரலை ஓட்டினான். தூசி இருந்தது. காய்ந்த தூசி.

ஆயில் குச்சியை உருவினான். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் வெளுத்திருக்கும். நல்ல கறுப்பாகவே இருந்தது.

அடியில் போட்ட பெல்ட்டின்மேல் தோள்வரை கையை நுழைத்து மூலை மூலையாகத் துழாவினான். சகதி ஒட்டவில்லை; கை வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

வேறு பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதான். யார் பார்த்தால் என்ன? பன்னிரண்டு நாளாக அவனை அரித்துக்கொண்டிருந்தது அத்தனையும் அழுகையாக வெளியே வந்தது.

அங்கே உட்கார்ந்தபடியே தங்கைக்கு போன் போட்டான்.

"ஒரு சொட்டுகூட உள்ள போகலம்மா. வண்டி நிக்கவே இல்ல."

 மறுமுனையில் அழுகை. அழுகைக்கு நடுவே, "அண்ணா... வீட்டுக்கு வாண்ணா."

வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

முதலாளிக்கும் சந்தோஷம். அவர் சந்தோஷம் வேறு மாதிரி. மழை முடிவதற்குள் மிச்ச நாலு வண்டிக்கும் இதே வேலையைச் செய்துவிடு என்று முதுகில் தட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் கேட்டைத் தாண்டட்டும் என்று காத்திருந்த நெட்டை டிரைவர், கேபின் படியில் கால் வைத்து எட்டிப் பார்த்தான்.

"அன்னைக்கு அஞ்சு வண்டியும் ஒண்ணாத்தாண்ணே ஆத்துல இறங்குச்சு. கரை ஓரம், தொடையளவு தண்ணி, அதுலயே எங்க நாலு வண்டியும் நின்னுடுச்சு. உங்களைத் திட்டிக்கிட்டே இறங்கி நடந்து வந்துட்டோம். மாப்பிள்ளை மட்டும் எங்களப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே வளைவு தாண்டிப் போனாரு. வெள்ளத்துல எங்கள அனுப்புனது வெளிய தெரிஞ்சா வேலை இருக்காதுன்னுட்டாரு முதலாளி."

 எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

நெட்டை திரும்பி மற்ற மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பிறகு இவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எங்க வண்டிய அப்படி அடைச்சிடாதீங்கண்ணே. நாங்க புள்ளகுட்டிக்காரங்க."