ஒரே ஒரு தப்பு

“அடிப்பாவி! நல்லா இருந்ததை இப்படிக் குட்டிச்சுவராக்கிட்டியே!”

அவன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஆனால் அவன் முகத்தில் கோபம் துளிகூட இல்லை, ஒரே குஷி.

சாப்பாட்டு மேஜைமேல் இரண்டு ரூட்டர்கள், நடுவே ஒரு நீலக் கேபிள், பக்கத்தில் லேப்டாப். நாளைக்கு அவனுக்கு நெட்வொர்க்கிங் சான்றிதழுக்கான செய்முறைத் தேர்வு. வேண்டுமென்றே கெடுத்துவைத்த ரூட்டர்களைக் கொடுப்பார்கள், கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இரண்டு தடவையும், “அங்க குடுத்த ரூட்டரே ஓட்டை” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான். மூன்றாவது தடவையும் அதையே சொன்னால் ஆபீசில் அவன் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவார்.

அதனால்தான் இந்த ஒத்திகை. காலையில் ரூட்டர்களை அவனே உட்கார்ந்து அமைத்தான். “சரியா ஓடுதான்னு பாத்துட்டீங்களா?” என்று மனைவி கேட்டாள்.

“நான் போட்டதைப் பாக்க வேற வேணுமா? நீ ஒரு நம்பரை மாத்து, இல்ல ஒரு வரியை அழி. ஒரே ஒரு தப்புதான். நான் கண்டுபிடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

திரும்பி வந்தபோது லேப்டாப் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. தட்டி எழுப்பி, இந்த ரூட்டரிலிருந்து அந்த ரூட்டரைக் கூப்பிட்டுப் பார்த்தான். மூச்சு பேச்சு இல்லை.

“ஏங்க...” என்று கையில் போனோடு மனைவி ஆரம்பித்தாள்.

“உஷ்! துப்பு குடுக்காதே.”

மண்டையைப் பிய்த்துக்கொண்டு தேடியதில், ஒரு ரூட்டரின் முகவரியில் ஒரு எண் பிசகியிருந்தது அகப்பட்டது. அதற்குத்தான் அந்த ‘அடிப்பாவி’. திருத்திவிட்டுக் கூப்பிட்டான். அப்போதும் பதில் இல்லை.

“இன்னொண்ணு வேறயா? ஒண்ணுதானே போடச் சொன்னேன்!”

“ஐயோ, அது வந்து...”

“பேசாதேன்னா பேசாதே!”

கேபிள் செருகியிருந்த போர்ட் திறக்கப்படாமலே கிடந்தது. அதைத் திறந்தான். அப்புறம் பார்த்தால், தகவல் போவதற்கு வழி இருந்தது, பதில் திரும்பி வருவதற்கு வழி இல்லை. அதையும் போட்டான். பதில் மளமளவென்று வந்து விழுந்தது.

அவன் துள்ளி எழுந்தான். “மூணு தப்பு! மூணையும் பிடிச்சேன் பாத்தியா? நாளைக்கு நான் பாஸ்!”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. தப்பு போடறதுலயும் ஒரு தரம் வேணும். போர்ட்டைத் திறக்காம விடறது, திரும்பி வர்ற வழியை மறக்கறது... இதெல்லாம் சுத்த அரைவேக்காடு பண்ற வேலை. இந்த லட்சணத்துல ரூட்டர் போடறவனை எந்த ஆபீஸ்ல வெச்சுப்பாங்க?”

“இப்ப நான் பேசலாமா?”

“தாராளமா.”

“நீங்க உள்ள போனதும் அக்கா போன் பண்ணிட்டா. நான் இன்னும் கையே வைக்கலைங்க!”