பதினோராவது வளைவு

கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மலை மேலிருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், எங்கள் பழைய கார் பதினோராவது வளைவில் கொதித்து நின்றுவிடும். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, அது ஆறும்வரை சாலையோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருப்போம். வீட்டில் வாயே திறக்காத என் கணவர் அந்த அரை மணி நேரம்தான் பேசுவார். பெண் பார்க்க வந்த அன்று என் விரலில் இருந்த இங்க் கறையைப் பற்றி, கல்யாணமாகி இருபது வருடம் கழித்து அங்கேதான் சொன்னார். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் மகன் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மாட்டினான். "சூடானா தண்ணி பொங்கி இதுக்குள்ள வந்துரும்மா. ஆறினதும் ரேடியேட்டரே திரும்ப உறிஞ்சிக்கும். டியூப் நுனி மட்டும் தண்ணிக்குள்ளயே இருக்கணும், இல்லன்னா வெறும் காத்தத்தான் உறிஞ்சும்" என்றான். அந்த முறை கார் நிற்கவே இல்லை. சுவர் ஜன்னலில் வந்து போயிற்று. மேலே போய்ச் சேரும்வரை இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஈஸ்டருக்குப் பத்து நாள் முன்பே நான் டப்பாவின் மூடியைத் திறந்து, டியூபைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டேன். பதினோராவது வளைவில் ஆவி கிளம்பியது. பானெட்டைத் திறந்தவர் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். டியூபைத் தொடவில்லை. "ஆற அரை மணி நேரமாவது ஆகும், எஸ்தர்" என்று சொல்லிவிட்டு, சுவரில் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.